கறுப்பில் கிறனைற் கிடையாது

கிளடிஸ் யேசுதாசன் கடைசியாக ஒரு கதிரையில் முழுதாக உட்கார்ந்தது எப்போது என்று கனடாவில், ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் எவருக்கும் தெரியாது. கோயிலில் முழந்தாளில் நிற்பார். பஸ்ஸில் இடம் இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வேலை செய்யும் கல்லுக்கடையில் வாடிக்கையாளருக்கென்று ஒரு தோல் சோபா போட்டிருக்கிறார்கள். அதன் விளிம்பில் அரை நிமிடம் தொற்றுவார், பிறகு எதையோ மறந்துவிட்டவர்போல எழும்பிப் போய்விடுவார்.

வயது ஐம்பத்துமூன்று. கழுத்தில் ஒரு சங்கிலி, அதில் இரண்டு பொருட்கள்: சின்னச் சிலுவை, பத்து மடங்கு பெருப்பித்துக் காட்டும் மடக்குக் கண்ணாடி. யாராவது விருந்துக்குக் கூப்பிட்டால் நேரே குசினிக்குள் போவார். மேசைக்கல்லை விரல் முட்டியால் தட்டுவார். குனிந்து கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரரிடம் சுகம் விசாரிப்பார். ஒரு பிறந்தநாள் விழாவில், கேக் வெட்டுவதற்கு முதல், "இது கிறனைற் இல்லையே" என்று சொன்னது பலருக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது அவரைக் கூப்பிடுகிறவர்கள் குசினிக் கல்லின்மேல் துணி விரித்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள்.

இதற்கெல்லாம் காரணம் படிப்பு. யாழ்ப்பாணத்து நிலத்தை எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக்கல்தான், கடல் தின்று துப்பிய சிப்பிகளின் குவியல். தீயில் பிறந்த கல் ஒன்றைக்கூடக் காலடியில் காணாமல் வளர்ந்த கிளடிஸ், பேராதனைக்குப் போய்ப் புவிச்சரிதவியல் படித்து, அதிலும் தீப்பாறைகளைத் தேர்ந்தெடுத்துப் பட்டம் வாங்கினார். பிறகு கனடாவுக்கு வந்தார். இங்கே வடக்கே போனால் நாள்கணக்கில் ஓடும் ரோட்டின் இருபுறமும் தீப்பாறையும் அதன் இனசனமான பாறைகளும்தான். வேலை கேட்டார். கனடிய அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். கல்லுகளுக்கு இருந்தது, இருநூற்றைம்பது கோடி வருடம். கிளடிசுக்கு இல்லை.

ஆகவே கல்லைப் படித்தவர் கல்லு விற்க வந்தார். குறை சொல்ல முடியாது. பல் வைத்தியர் பீட்சா கொண்டு ஓடும் ஊரில் இது துறைசார்ந்த உத்தியோகம்.

தியாகலிங்கத்தாரின் 'தியாகா கல்மாளிகை'யில் இருபத்திரண்டு வருடம். கடைசி நாலு வருடமாக வாரத்தில் மூன்று நாள், நிலத்தில் துளைபோடும் ஒரு கம்பனியில் மண்ணும் கல்லும் பார்த்துக் குறிப்பெழுதும் வேலையும் செய்தார். மாலை வகுப்புகளை முடித்தார். பரீட்சைகளைப் பாஸ் பண்ணினார். தொழில்முறைப் புவிச்சரிதவியலாளர் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் உரிமம் கிடைக்க இன்னும் ஒரேயொரு படி, வியாழக்கிழமை நேர்முகம். அந்த உரிமத்துக்கு ஒரு விதிப் புத்தகம் உண்டு. கிளடிஸ் அதை இரண்டு தரம் வாசித்திருந்தார், நின்றபடி. உரிமம் கிடைக்க முதல் அந்தப் பட்டத்தைப் பாவித்தாலோ, பொய்யான அறிக்கைக்குக் கீழே கையெழுத்து வைத்தாலோ விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம் என்று அதில் இருந்தது. சிக்கல் அந்த இரண்டு வரிகளிலும் வந்தது, ஒரே கடதாசியில்.

கல்லு வியாபாரத்தில் பாறைகளை வகைப்படுத்துவது மிகச் சுலபம்: மினுக்கினால் மினுங்குவதெல்லாம் கிறனைற். வெள்ளைக் கிறனைற், பச்சைக் கிறனைற், நீலக் கிறனைற். இந்த ஒழுங்கில் கறுப்புக் கிறனைற்றுக்குத்தான் அரச மரியாதை. ஸ்காபரோவிலிருந்து விட்பிக்கு வீடு மாறும் ஒவ்வொரு குடும்பமும் குசினி மேசைக்கு ஒரு கறுப்புக் கற்பலகையைத் தேடி வரும்.

அப்படித்தான் போன மாதம் கௌசியும் கணவன் ஜனார்த்தனும் வந்தார்கள். கௌசி பத்து நிமிடத்தில் ஒரு கறுப்புப் பலகையில் விழுந்துவிட்டாள். ஜனார்த்தன் விழவில்லை. அவன் காப்புறுதிக் கம்பனியில் மற்றவர்களின் கோரிக்கைகளை நிராகரிக்கும் உத்தியோகத்தில் இருப்பவன். கடதாசி இல்லாத எதையும் நம்பமாட்டான். ஆறு வயதில் இங்கே வந்தவன், தமிழ் பேசுவான், வாசிக்கத் தெரியாது.

"அக்கா, இது கிறனைற் எண்டு றைற்றிங்கிலை தாங்கோ. ஃபைலுக்கு வேணும். அதுக்குப் பிறகு கல்லை வெட்டலாம்."

"தம்பி, கறுப்பிலை கிறனைற் கிடையாது" என்றார் கிளடிஸ்.



"அவ பகிடி விடுறா!" என்று தியாகலிங்கத்தார் சிரித்தார், தனியாக.

"எங்கட மச்சாள் வீட்டிலை கறுப்புக் கிறனைற் கிடக்கே, அக்கா" என்றாள் கௌசி.

"அதுவும் இல்லை, பிள்ளை."

தியாகலிங்கத்தார் கிளடிசைக் கையில் பிடிக்காத குறையாகப் பின்னறைக்குக் கூட்டிப் போனார்.

"உங்களுக்கு என்ன விசரோ? மச்சாளின்ர கல்லை ஏன் இழுக்கிறியள்? ஒரு வரி எழுதிக் குடுங்கோ, சனம் சந்தோசமாப் போகட்டும்."

"பொய்யெழுதிக் கையெழுத்து வைக்கமாட்டன் அண்ணை. வாற மாதம் எனக்கு இன்ரவியூ."

"அப்ப தமிழிலை எழுதுங்கோ. தமிழிலை எழுதினதை இந்த நாட்டிலை ஆர் வாசிக்கப் போயினம்?"

கிளடிஸ் வாசலுக்கும் கல் வெட்டும் இயந்திரத்துக்கும் இடையே ஏழெட்டுத் தரம் நடந்தார். நடக்கும்போது அவருக்கு ஒரு சொல் தட்டுப்பட்டது. கருங்கல்.

தமிழ் இந்த விஷயத்தில் பெரிய மனசுக்காரி. பள்ளிக்கூடப் புத்தகம் கிறனைற்றைக் கருங்கல் என்கிறது. மேசன் வைரமான கல் எதையும் கருங்கல் என்கிறான். சும்மா பார்க்கிற கண்ணுக்குக் கருமையான கல் கருங்கல். ஆகவே அந்தப் பலகையைக் கருங்கல் என்றால் அது பொய்யாகாது. கேட்கிறவர் கிறனைற் என்று விளங்கிக்கொண்டால் அது கேட்கிறவரின் காது. கிளடிஸ் கடை முத்திரையிட்ட தாளில் எழுதினார்:

'இது கருங்கல். ஆழத்தில் ஆறுதலாக ஆறியது. சாயம் பூசப்படவில்லை. கிளடிஸ் யேசுதாசன், புவிச்சரிதவியல் படித்தவர்.'

ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனாலும் அன்று முழுக்க அவருக்குக் கை குறுகுறுத்தது. இரண்டு தரம் கழுவினார்.

நேர்முகத்துக்கு மூன்று நாள் இருக்க, திங்கட்கிழமை காலை கடைக்குள் வந்தபோது, பிள்ளையார் படத்துக்குக் கீழே புதிதாக ஒரு சட்டம் தொங்கியது. உள்ளே ஆங்கிலத்தில் ஒரு சான்றிதழ், கீழே சிவப்பு முத்திரை. ஜனார்த்தன் அந்தத் தமிழ்த் தாளை மொழிபெயர்ப்பாளர் அருள்நாயகத்திடம் கொண்டுபோயிருந்தான். மொழிபெயர்ப்பின் பிரதியொன்றைக் கடைக்கும் அனுப்பியிருந்தான். அருள்நாயகத்தார் அகராதியைத் திறந்தார். கருங்கல்: கிறனைற். முடிந்தது. அவருடைய நாளாந்த வேலையில் பாதி மரண அறிவித்தல்கள். ஆகவே 'மெதுவாக' என்ற பொருளில் வந்தாலும், 'ஆறுதல்' என்ற சொல்லைக் கண்டால் அவருடைய கை தானாக அனுதாபத்துக்குப் போய்விடும். மீதிப் பாதி குடிவரவுக் கடதாசிகள். 'படித்தவர்' என்று மொட்டையாக எழுதினால் எந்தக் கோப்பும் நகராது என்பது அவர் அனுபவத்தில் கண்டது. எனவே ஆங்கிலத் தாள் இப்படிச் சொன்னது: இது அசல் கிறனைற். இது ஆழ்ந்த ஆறுதலை அளிக்கும். இதில் சாயம் இல்லை. ஒப்பம், கிளடிஸ் யேசுதாசன், தொழில்முறைப் புவிச்சரிதவியலாளர்.

கிளடிஸ் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றினார்.

"அதை ஏன் எடுக்கிறியள்? நூற்றுப் பன்னிரண்டு பேர் லைக் போட்டிருக்கினம்!" என்றார் தியாகலிங்கத்தார்.

"எங்கை போட்டிருக்கினம்?"

"கடையின்ர பேஸ்புக்கிலை. நீங்கள்தான் ஸ்டார், பிள்ளை."

அன்று மத்தியானம் வரை கிளடிஸ் ஓரிடத்தில் நிற்கவில்லை. பேஸ்புக்கிலிருந்து எடுப்பிக்க ஒரு மணித்தியாலம். அருள்நாயகத்தாரிடம் போய்ப் பிழை என்று சொல்ல இன்னொரு மணித்தியாலம். "முத்திரை குத்தின பிறகு பிழை வராது, தங்கச்சி" என்று அவர் விளக்கினார். பிறகு கிளடிஸ் ஜனார்த்தனுக்குப் போன் பண்ணினார்.

"ஒறிஜினல் வீட்டை கிடக்கு அக்கா. புதன்கிழமை ஹோம் இன்சூரன்ஸுக்கு அனுப்பப் போறன். ஏன், எனி ப்ரொப்ளம்?"

"அனுப்பாதையுங்கோ. நாளைக்கு வாறன்."

அன்று வீட்டுக்குப் போய் அவர் தேநீர் குடித்தது, நின்றபடி, வாடகை வீட்டுக் குசினி மேசையருகே. அந்த மேசையின்மேல் பிளாஸ்ரிக் தாள் ஒட்டியிருக்கிறது. அதில் கிறனைற்றின் படம் அச்சடித்திருக்கிறது. ஒவ்வொரு முழத்துக்கும் அதே புள்ளிகள் அதே இடத்தில் திரும்பி வரும்.

செவ்வாய்க்கிழமை கில்ட்வூட் நிலையத்தில் 'கோ' என்ற புறநகர் ரயில் ஏறினார். பெட்டி பாதி காலி, இவர் கதவடியில் நின்றார். பிக்கரிங்கில் ஒரு தரம், ஏஜக்ஸில் ஒரு தரம், வசனங்களை மாற்றிச் சொல்லிப் பார்த்தார். 'கௌசி, அந்தக் கடதாசியிலை ஒரு சின்னப் பிழை.' சின்னது இல்லையே. 'கௌசி, நான் எழுதினது ஒண்டு, அவர் எழுதினது ஒண்டு.' அது உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை. விட்பியில் இறங்கும்போது ஒரு வசனமும் மிஞ்சவில்லை.

அந்தப் புதுக் குடியிருப்பில் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அலங்காரத்துக்கு ஒரு பெரிய இளஞ்சிவப்புப் பாறாங்கல் வைத்து, அதில் வீட்டு இலக்கத்தை அடித்திருந்தார்கள். கிளடிசால் சும்மா போக முடியவில்லை. கௌசி கதவைத் திறந்தபோது, அவர் நாற்பத்தேழாம் இலக்கக் கல்லுக்கு முன்னால் முழந்தாளிட்டு, கண்ணாடியைக் கண்ணில் வைத்திருந்தார். முன்வீட்டுச் சீனப் பெண் இதைப் பிரார்த்தனை என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

"அக்கா! உள்ள வாங்கோ. கல்லைப் பாருங்கோ, என்ன வடிவு எண்டு. சனிக்கிழமை புதுவீட்டுக் குடிபூரல். மச்சாள் வயிறெரிஞ்சு சாகப் போறா."

கறுப்புப் பலகை குசினி நடுவில் ஏரிபோலக் கிடந்தது. கிளடிஸ் அதைத் தட்டினார். வழக்கத்துக்கு மாறாக அதன்மேல் துணி விரித்திருக்கவில்லை.

"கௌசி, இது கிறனைற் இல்லை. அருள்நாயகத்தார் பிழையா மொழிபெயர்த்துப் போட்டார். அந்தக் கடதாசியைத் திருப்பித் தாங்கோ."

கௌசியின் முகம் மாறியது. அதற்கு முன் கூப்பிடும் முறை மாறியது.

"என்ன அன்ரி விளையாடுறியளோ? கிறனைற் எண்டு முப்பது பேருக்குச் சொல்லிப் போட்டன். இனிச் சீமெந்து எண்டு சொல்லவோ?"

"சீமெந்து இல்லை. இது கிறனைற்றின்ர சகோதரம்."

"சகோதரம் ஆருக்கு வேணும்?"

இருபத்திரண்டு வருடமாக எந்த வாடிக்கையாளரும் கிளடிசிடம் கல் எப்படி உண்டாகிறதென்று கேட்டதில்லை. கௌசியும் கேட்கவில்லை. ஆனாலும் கிளடிஸ் கிழக்குப் பக்க அலுமாரியைத் திறந்தார். குடிபூரலுக்கு வாங்கி வைத்த சாமான்கள் அங்கே அடுக்கியிருந்தன. சீனி, கற்கண்டு, பனங்கட்டி, இருமலுக்கென்று ஒரு போத்தலில் பனங்கற்கண்டு. கற்கண்டுப் போத்தலையும் பனங்கற்கண்டுப் போத்தலையும் கல்லின்மேல் வைத்தார்.

"சீனிப்பாகு காய்ச்சுறியள். அப்பிடியே மெல்ல மெல்ல ஆற விட்டால் என்ன வரும்?"

"கற்கண்டு" என்றாள் கௌசி, கோபத்தோடு.

"பெரிய பெரிய கட்டியா. டக்கெண்டு ஆத்தினால்?"

"பொடியா வரும்."

"குளிர்தண்ணிக்குள்ள ஊத்தினால் கட்டியே வராது, கண்ணாடி மாதிரி ரொபி. மூண்டும் ஒரே பாகுதான். நிலத்துக்குக் கீழ பாறை உருகிக் கிடக்கிறதும் அப்பிடித்தான். ஆழத்திலை அகப்பட்டு லட்சக்கணக்கான வருசம் ஆறினால் மணி மணியா, கண்ணுக்குத் தெரியிற கல்லு. எரிமலையாலை வெளியிலை வந்து கெதியா ஆறினால் மணி தெரியாத கல்லு. தண்ணிக்குள்ள விழுந்தால் கண்ணாடி. முதல் கேள்வி அது, எங்கை ஆறினது? இரண்டாம் கேள்வி, எந்தப் பாகு?"

இரண்டு போத்தல்களையும் அவள் பக்கம் தள்ளினார்.

"வெள்ளைச் சீனிப்பாகு மெல்ல ஆறினால் இந்தக் கற்கண்டு. அதுதான் கிறனைற். உள்ள பளிங்கு மணி நிறைய இருக்கும், அதாலை வெளிறின நிறம். கறுப்பா வராது. அதே பாகு வெளியிலை கெதியா ஆறினால் றையோலைற். இரும்பு கூடின கறுப்புப் பாகு கெதியா ஆறினால் பசால்ற். அந்தக் கறுப்புப் பாகு ஆழத்திலை கிடந்து மெல்ல ஆறினால் இந்தப் பனங்கற்கண்டு. உங்கட கல்லு அது. அதுக்குப் பேர் கப்ரோ."

"என்ன?"

"கப்ரோ."

கழுத்திலிருந்த கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். கௌசி வேண்டாவெறுப்பாகக் குனிந்தாள். சிறிது நேரம் எழும்பவில்லை. கறுப்பு என்று நினைத்தது கறுப்பு இல்லை. சாம்பலும் கரும்பச்சையுமாய், ஒன்றுக்குள் ஒன்று விரல் கோத்த மணிகள்.

"இதுக்குள்ள இவ்வளவு கிடக்கே" என்றாள். பிறகு நிமிர்ந்து, "அப்ப உண்மையான கிறனைற் எப்பிடி இருக்கும்?"

"உங்கட வாசலிலை கிடக்கு. அதிலைதான் நாற்பத்தேழு எண்டு அடிச்சு வைச்சிருக்கிறியள்."

கௌசி யன்னலால் பார்த்தாள். நாற்பத்தேழு. பக்கத்தில் நாற்பத்தொன்பது. எதிரில் ஐம்பது. தெரு முழுக்கக் கிறனைற், பனியிலும் உப்பிலும், சில இடங்களில் நாய்களின் கவனிப்பிலும்.

கௌசியின் மூளையில் ஏதோ மெல்ல ஆறிக் கட்டியாவது முகத்தில் தெரிந்தது.

"அப்ப கிறனைற் எல்லாரிட்டையும் இருக்கு."

"ஓம்."

"மச்சாளின்ரையும் கப்ரோவோ?"

கிளடிஸ் யோசித்தார். விருந்துக்குப் போனபோது பார்த்த கல்தான். "இல்லை. அவவின்ரை சாயம் பூசின சுண்ணாம்புக்கல்."

இருபத்திரண்டு வருடத்தில் கௌசியின் முகத்தைப்போல மினுங்கிய ஒரு கல்லை அவர் கண்டதில்லை.

"அக்கா, இருங்கோ, பிளேன்ரீ ஊத்துறன்" என்றாள். 'அன்ரி' போய் 'அக்கா' திரும்பி வந்துவிட்டார். கதிரையில் இருக்கத்தான் இல்லை.

ஜனார்த்தன் பின்னேரம் வந்து முழுவதையும் கேட்டான். "சோ இற்ஸ் நொட் கிறனைற்" என்றான் மூன்று தரம். "கப்ரோவை இன்ஷூர் பண்ணலாமோ?" என்றான். கிளடிஸ் ஆங்கிலத்தில், தன் கையெழுத்தில், புதிதாக எழுதிக் கொடுத்தார்: இது கப்ரோ. எழுதுபவருக்கு உரிமம் இல்லை. படித்தவர் மட்டும். சிவப்பு முத்திரை குத்திய பழைய தாளை அவன் கொடுத்தான். கிளடிஸ் அதைக் கிழிப்பார் என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

ஏனென்றால் பிரச்சினை இப்போதுதான் அவருக்கு முழுதாகத் தெரிந்தது. தாள் கைக்கு வந்துவிட்டது. கிழித்தால் எவருக்கும் தெரியாது. ஆனால் திரும்பும் ரயிலிலும் கை குறுகுறுத்தது. பிழை அருள்நாயகத்தாருடையது என்று மூன்று பேரிடம் சொல்லியாகிவிட்டது. மூன்று பேரிடமும் சொன்னது முக்கால் உண்மை.

வியாழக்கிழமை நேர்முகத்தில் மூன்று பேர். அவர்கள் நல்ல கதிரை போட்டிருந்தார்கள். கிளடிஸ் அதன் விளிம்பில் இருந்தார். முதலில் ஒரு சிறு கல்லைக் கொடுத்தார்கள்: பொடியான சாம்பல் நிறத்துக்குள் பெரிய வெள்ளைக் கட்டிகள். இரண்டு தரம் ஆறிய கல் என்றார். ஆழத்தில் நெடுங்காலம் கிடந்து பெரிய மணிகள் விளைந்திருக்கின்றன, பிறகு திடீரென்று மேலே தூக்கி எறியப்பட்டு மிச்சம் அவசரமாக உறைந்திருக்கிறது. நடுவிலிருந்தவர் தலையாட்டினார். அது தன்னைப் பற்றியும்தான் என்று கிளடிசுக்குத் தோன்றவில்லை. அவர் கல்லைப் பற்றித்தான் சொன்னார்.

பிறகு நடத்தை பற்றிய கேள்வி. உரிமம் இல்லாமல் இந்தப் பட்டத்தை எப்போதாவது பாவித்ததுண்டா?

கிளடிஸ் சிவப்பு முத்திரைத் தாளையும், தமிழ் மூலத்தின் பிரதியையும் மேசையில் வைத்தார். அவர்கள் வாசித்தார்கள். 'ஆழ்ந்த ஆறுதலை அளிக்கும்' என்ற இடத்தில் இடது பக்கத்தவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். தமிழ்த் தாளில் இருந்ததைக் கிளடிஸ் விளக்கியதும், மொழிபெயர்ப்பாளரின் தவறு என்று நடுவிலிருந்தவரே எழுதத் தொடங்கினார்.

"பட்டம் அவர் போட்டது" என்றார் கிளடிஸ். "கிறனைற் முழுக்க அவருடையதல்ல. கருங்கல் என்ற சொல் இரண்டு பக்கமும் போகும் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் அந்தச் சொல்லை எடுத்தேன்."

எழுதிய பேனா நின்றது.

ஐந்து கிழமைக்குப் பிறகு கடிதம் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்படவில்லை. தொழில் ஒழுக்கப் பரீட்சையை மட்டும் புரட்டாதியில் இன்னொரு தரம் எழுத வேண்டும், பாஸானால் உரிமம். கிளடிஸ் கடிதத்தை நின்றபடி வாசித்தார். அன்று கை குறுகுறுக்கவில்லை. அதே இரவு விதிப் புத்தகத்தை மூன்றாம் தரம் திறந்து, பிளாஸ்ரிக் கிறனைற்றின்மேல் வைத்தார்.

இதற்கிடையில் கௌசியின் குடிபூரல் முடிந்திருந்தது. கௌசி வாங்கி வைத்த பெருப்பிக்கும் கண்ணாடியால் முப்பது பேர் கல்லைப் பார்த்தார்கள். மச்சாள் தலையிடி என்று நேரத்தோடு போய்விட்டார். அடுத்த கிழமையே விட்பி, ஏஜக்ஸ், ரெக்ஸ்டேல் என்று நாலாபுறமும் இருந்து சனம் கல்மாளிகைக்கு வந்து, கப்ரோ இருக்கோ என்று ஒரே கேள்வியைக் கேட்டது. தியாகலிங்கத்தார் காலத்தோடு ஓடுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கடையின் எல்லாப் பலகைகளிலும் புது லேபல் ஒட்டினார். கறுப்புக் கப்ரோ. பச்சைக் கப்ரோ. வெள்ளைக் கப்ரோ.

திங்கட்கிழமை கிளடிஸ் மார்க்கர் பேனாவோடு பிழையான லேபல்களை வரிசை வரிசையாக வெட்டிக்கொண்டு வந்தார். இளஞ்சிவப்புப் பலகையடியில் வோபர்ன்வாசிகள் இருவர், புருசனும் பெண்சாதியும், நின்றார்கள்.

"அக்கா, இது ஒறிஜினல் கப்ரோதானே?" என்று பெண் கேட்டாள்.

கிளடிஸ் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பளிங்கு மணிகள், இளஞ்சிவப்பு மணிகள், நடுவே கரும் மைக்காச் செதில்கள். இருபத்திரண்டு வருடத்தில் இந்தக் கடைக்கு வந்தவற்றில் இவ்வளவு சுத்தமானது ஒன்றிரண்டுதான்.

"இது கிறனைற்" என்றார். "உண்மையான கிறனைற்."

அந்தப் பெண் புருசனைப் பார்த்தாள்.

"கிறனைற்றோ? அப்ப வேண்டாம் அக்கா."

கல்லாவிலிருந்து தியாகலிங்கத்தார் ஓடி வந்தார். "பிள்ளை, ஒரு சின்னக் கடதாசி, தமிழிலை எண்டாலும்…"

"புரட்டாதி கழியட்டும் அண்ணை" என்றார் கிளடிஸ், அடுத்த பலகைக்கு நடந்துகொண்டே. "அதுக்குப் பிறகும் எழுதமாட்டன்."